லெட்ஜரா, ட்ரெஸரா, கோல்டுகார்டா: நீண்ட நாள் சேமிப்புக்கு எது?

2024 ஜூலை 18 அன்று கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவு போனது. அங்கே கிரிப்டோ வைத்திருந்தவர்கள் அதைத் திரும்ப எடுக்க ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். பல வருஷம் தொடாமல் வைக்கப்போகிற காசை எக்ஸ்சேஞ்சில் விடக்கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். கிரிப்டோவின் சாவியை நம் கையிலேயே வைத்திருக்க உதவும் சிறு கருவி, அதாவது ஹார்டுவேர் வாலட் வாங்கலாம், சரி. எதை வாங்குவது?

நான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்ப்பது ஒன்றைத்தான். 10 வருஷம் கழித்து இந்தக் கருவி பழுதாகி, இதைச் செய்த கம்பெனியும் மூடப்பட்டிருந்தால், என் காசை நான் எடுக்க முடியுமா? வாலட்டுக்குள் நாணயம் எதுவும் இல்லை. இருப்பது தனிச்சாவி மட்டும், அதாவது காசைச் செலவழிக்க உரிமை தரும் ரகசிய எண். அந்தச் சாவி நாம் எழுதி வைக்கும் 12 அல்லது 24 சீட் வார்த்தைகளிலிருந்து பிறக்கிறது. அந்த வார்த்தைகள் வேறு கம்பெனிக் கருவியிலும் வேலை செய்தால் போதும், முதல் கருவி போனாலும் கவலையில்லை.

லெட்ஜர் நானோ எஸ் பிளஸ், ட்ரெஸர் சேஃப் 3 இரண்டும் 79 டாலருக்கு அறிமுகமானவை. விலையை வைத்துத் தேர்வு செய்ய முடியாது. வித்தியாசம் உள்ளே இருக்கிறது.

பிரெஞ்சு கம்பெனியான லெட்ஜர், சாவியைப் பாதுகாப்புச் சிப்புக்குள்ளேயே வைத்து, காசை அனுப்ப ஒப்புதல் தரும் மின்கையெழுத்தையும் அங்கேயே போடுகிறது. கருவியைத் திருடியவன் உடைத்துச் சாவியை எடுப்பது மிகமிகக் கடினம். இந்த விஷயத்தில் லெட்ஜர்தான் வலுவானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சிப்பில் ஓடும் இயங்குதளத்தின் நிரலை வெளியார் முழுதாகப் படித்துச் சரிபார்க்க முடியாது. 2023 மே மாதம் லெட்ஜர் ரெக்கவர் என்ற சந்தா சேவையை அறிவித்தார்கள். சீட் மறைகுறியாக்கப்பட்டு, 3 துண்டுகளாக 3 கம்பெனிகளுக்குப் போகும். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான். இருந்தாலும், சாவி சிப்பை விட்டு வெளியே வரவே வராது என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. கருவியை இயக்கும் நிரலான ஃபர்ம்வேர் நினைத்தால் வெளியே அனுப்பலாம் என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது.

செக் நாட்டின் பிராகாவிலிருந்து வரும் ட்ரெஸரின் நிரல் ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இதன் பழைய மாடல்களில் பாதுகாப்புச் சிப் கிடையாது. கருவி கையில் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் சீடை எடுத்துவிடலாம் என்று கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். 2023-ல் வந்த சேஃப் 3-ல் சிப் சேர்ந்தது. அப்போதும் சீட் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சாதாரணச் சிப்பில்தான் பூட்டி வைக்கப்படுகிறது. பின் எண் (PIN) சரியாக இருந்தால் பூட்டைத் திறக்கும் ரகசியத்தைப் பாதுகாப்புச் சிப் கொடுக்கும். அந்த மைக்ரோகன்ட்ரோலரை மின்னழுத்தத்தைச் சட்டென மாற்றும் தாக்குதலால் ஏமாற்றலாம் என்று லெட்ஜரின் சொந்த ஆய்வுக்குழுவே 2025 மார்ச்சில் வெளியிட்டது. நம் கைக்கு வரும் வழியில் யாராவது கருவியைப் பிரித்து மாற்றியிருக்கலாம் என்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. அதனால் செகண்ட் ஹேண்டோ, முகம் தெரியாத விற்பனையாளரோ வேண்டவே வேண்டாம்.

ட்ரெஸர் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். புதிய மாடல்கள் தாமாகவே 20 வார்த்தை பேக்கப் தருகின்றன. அது ஸ்லிப் 39 என்ற வேறொரு முறை; லெட்ஜரில் வேலை செய்யாது. அமைக்கும்போதே 12 அல்லது 24 வார்த்தை முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாற முடியும்.

கனடாவின் கோல்டுகார்டு பிட்காயினுக்கு மட்டும்தான். கணினியோடு இணைக்காமலே மைக்ரோ எஸ்டி கார்டு வழியாகக் கையெழுத்துப் போடலாம். எம்கே4 மாடலில் வெவ்வேறு கம்பெனிகளின் 2 பாதுகாப்புச் சிப்கள். சீடுக்காகக் கருவி தானே உருவாக்கும் ரேண்டம் எண்ணை நம்பாவிட்டால் பகடையை 99 முறை உருட்டிச் சீடை நாமே உருவாக்கலாம். புதியவர்களுக்கு இது கடினம், குடும்பத்தில் வேறொருவர் மீட்டெடுப்பது அதைவிடக் கடினம்.

அப்புறம், வாடிக்கையாளர் தகவல் கசிவு. 2020-ல் லெட்ஜரிலிருந்து கசிந்த சுமார் 2,72,000 பேரின் பெயர், முகவரி, போன் எண் அந்த டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. சிலர் வீட்டுக்குப் போலி லெட்ஜர்களே தபாலில் வந்தன. ட்ரெஸரும் தப்பவில்லை: 2024 ஜனவரியில் 66,000 பேர் வரை தொடர்பு விவரம் கசிந்திருக்கலாம் என்று அறிவித்தது. எதை வாங்கினாலும் வீட்டு முகவரி கொடுக்காமல் வாங்க வழியிருந்தால் அப்படியே வாங்குங்கள். சீட் வார்த்தைகளைக் கேட்டு வரும் போனும் மெயிலும் கடிதமும் எல்லாமே மோசடிதான்.

பல நாணயம் வைத்திருப்பவருக்கு நான் ட்ரெஸர் சேஃப் 3-ஐத்தான் சொல்வேன், பாஸ்பிரேஸோடு, அதாவது சீட் வார்த்தைகளோடு நாமே சேர்க்கும் கூடுதல் ரகசியச் சொல்லோடு. பாஸ்பிரேஸ் கருவிக்குள் சேமிக்கப்படுவதில்லை. திருடன் சீடை எடுத்தாலும் அது இல்லாமல் காசைத் தொட முடியாது. ஆனால் அதை மறந்தால் உங்களாலும் முடியாது. வாடகை அறை, விடுதி என்று கருவி பிறர் கைக்கு எளிதில் போகும் இடத்தில் இருப்பவருக்கும், பாஸ்பிரேஸ் தொல்லை வேண்டாம் என்பவருக்கும் லெட்ஜர் நல்லது. பிட்காயின் மட்டும், அதுவும் பெரிய தொகை என்றால் கோல்டுகார்டு.

வாங்கியதும் சிறு தொகை போட்டு, கருவியை முழுதாக அழித்து, எழுதி வைத்த வார்த்தைகளைக் கொண்டு மீட்டுப் பாருங்கள். காசு திரும்பத் தெரிந்த பிறகு மீதியை அனுப்புங்கள்.