பொம்மைக்கு ஒரு குரல், நடிகருக்கு ஒரு குரல்

1684-இல் ஜப்பானின் ஒசாகாவில் அரங்கம் திறந்த தாகெமோதோ கிதாயூவின் கதைப்பாட்டு இன்று புன்ராகு பொம்மலாட்டத்திலும் கபுகி நாடகத்திலும் ஒலிக்கிறது. பாடுபவர் இரண்டிலும் 'தாயூ'தான். வேலைதான் வேறு.

புன்ராகுவில் குழந்தை, கிழவி, சாமுராய் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே தொண்டை, வருணனையும் அவருடையதே. பொம்மையை இயக்கும் மூவரும் வாய் திறப்பதில்லை. அதனால் தாயூ அடிவயிற்றை இறுகக் கட்டி, மணலும் பயறும் நிரப்பிய 'ஒதோஷி' பையை உடைக்குள் செருகி, சிறு மணையில் கால்விரல்களை ஊன்றி அமர்கிறார். வயிற்றில் பிடிமானம் இல்லாவிட்டால் குரல் தொண்டைக்கு ஏறி, அழுகைக் காட்சி வருமுன்பே கம்மிவிடும்.

கபுகியில் வசனத்தில் பெரும்பங்கு நடிகருக்குப் போய்விடும். சுமை பாதி என்று நினைக்க வேண்டாம். புன்ராகுவில் பொம்மை குரலைத் தொடரும். இங்கே குரல் நடிகரின் மூச்சைத் தொடர வேண்டும். அவர் ஒரு கணம் கூடுதலாக நின்றால் பாட்டும், கூடவே ஒலிக்கும் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியமும் நீள வேண்டும். முந்தினால் காட்சி குலையும். சில காட்சிகளில் தாயூ மூங்கில் திரைக்குப் பின்னே, முகமே தெரியாது!

குரலுக்காகவே போகிறவர்களுக்குப் புன்ராகுதான். இருக்கையை வலப்பக்கம் எடுங்கள். தாயூ அமரும் சுழல்மேடை அங்கேதான்.