சிடிசி ரோலருக்கு லேசர் சென்சர்: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டும் மாடலை வாங்கிவிடாதீர்கள்.

அட்டன் பக்கம் எங்கள் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷினின் ரோலர் ஆடுகிறதா என்று இத்தனை காலமும் முனையால் தொட்டு அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து, கையால் உருட்டித்தான் பார்த்தோம். நிற்கும்போது எல்லா ரோலரும் நல்ல பிள்ளைதான். ஜோடி ரோலரில் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்று, மற்றது 700 சுற்று என்று எதிரெதிராக ஓடத் தொடங்கினால்தான் பெயாரிங் தேய்ந்திருப்பதும் போல்ட் தளர்ந்திருப்பதும் வெளியே வரும், அந்த வேகத்தில் டயல் கேஜ் முனை துள்ளுமே தவிர ஒன்றையும் அளக்காது. தொடாமல் அளக்கிற சாமான் வேண்டியிருந்தது.

லேசர் சென்சரின் வேலை எளிது. சிவப்புப் புள்ளி ஒன்று இரும்பில் விழும், சிதறும் ஒளியை ஒரு லென்ஸ் சாய்வாக வாங்கி உள்ளே இருக்கும் உணரிப் பட்டையில் போடும், இரும்பு கொஞ்சம் கிட்ட வந்தால் பட்டையில் புள்ளி இடம் மாறும், மீதி முக்கோணக் கணக்கு. நாங்கள் எடுத்தது 30 மில்லிமீட்டர் தள்ளி வைக்கிற சின்ன வகை. அசையாத இரும்பில் 10 மைக்ரோன் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) வித்தியாசத்தைக்கூடக் காட்டுகிறது, குறை சொல்ல முடியாது.

வேகத்தில்தான் கோளாறு. கொண்டுவந்து பூட்டியவர்கள் ஒரு அளவுக்கு 10 மில்லி செக்கன் என்று செட் பண்ணிவிட்டுப் போயிருந்தார்கள். 700 சுற்றில் ஒரு சுற்றுக்கு 86 மில்லி செக்கன்தான், அதற்குள் எட்டுப் புள்ளியை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது? 1.5க்கு இறக்கினால் ஐம்பது சொச்சம் வருகிறது, ரோலர் கோணலாக ஓடுவது தெரிகிறது. பெயாரிங் நடுக்கமும் வேண்டுமென்றால் செக்கனுக்கு 4000 தடவை அளக்கும் வகைக்குப் போகவேண்டும், சுற்றுக்கு 340 புள்ளி கிடைக்கும். அப்புறம் அதை மெதுவான பிஎல்சியில் (மெஷினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டரில்) மாட்டினால் காசு போட்ட வேகம் அங்கேயே செத்துப்போகும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோலர் பல்லில் புள்ளியை விடாதீர்கள், ரீடிங் மேலும் கீழும் குதிக்கும். ஓரத்தில் வழவழப்பான தண்டில் விடுங்கள், அதிகம் மினுங்கினால் மேட் பெயின்ட் மெல்லிசாக ஒரு கோடு போதும். சென்சரின் நீளவாட்டு தண்டின் நீளவாட்டிலேயே இருக்கட்டும், குறுக்கே வைத்தால் வளைவு கணக்கைக் கெடுக்கும். சக்தி குறைந்த கிளாஸ் 2 லேசர்தான், அதற்காகப் புள்ளியை உற்றுப் பார்க்கக் கூடாது, பளபளத் தண்டில் பட்டு எதிரே நிற்கிறவர் கண்ணுக்கும் போகும்.

நம்ம ஊர் காலைப் பனியில் சென்சரின் கண்ணாடி வியர்க்கிறது, தேயிலைத் தூசி அதில் பட்டால் பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மெல்லிய துணியால் துடைத்து, கரண்ட் போட்டு அரை மணி நேரம் சூடேறவிட்ட பிறகே ரீடிங் எடுக்கிறோம்.

விற்றவர்களின் சர்விஸ் சுமார்தான். போன் எடுப்பார்கள், மலைக்கு ஏறி வரமாட்டார்கள். வாங்கும்போதே கேபிள் நீளத்தையும் கேளுங்கள், எங்களுக்கு வந்தது கன்ட்ரோல் பெட்டி வரைக்கும் எட்டவில்லை.