ஸ்லோ ஜூஸர் வாங்கப் போகிறீர்களா? முதலில் சல்லடையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் குடியிருக்கிறோம். சில வருடங்களாக வீட்டில் ஸ்லோ ஜூஸர் ஓடுகிறது. அதற்கு முன்பு மிக்ஸியோடு சேர்ந்து வரும் வேக ஜூஸர் இருந்தது. கடையில் எல்லோரும் வாட்ஸ் எவ்வளவு, வாரண்டி எத்தனை வருடம் என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், ருசி, கழுவுகிற நேரம், மெஷினின் ஆயுள் மூன்றையும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சல்லடைதான்.

வேக ஜூஸரில் பல் வைத்த தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி, காயைத் துருவிச் சல்லடையில் வீசியடிக்கும். கேரட், ஆப்பிள் என்றால் நொடியில் வேலை முடியும். புதினாவோ கீரையோ போட்டால் பாதிச் சாறு சக்கையோடு போய்விடும், டம்ளரில் பாதி நுரை நிற்கும். ஸ்லோ ஜூஸரில் தடித்த திருகு ஒன்று நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்று வரை சுற்றி, காயைச் சல்லடையோடு வைத்து நசுக்கிப் பிழிகிறது. சக்கை நன்றாக வறண்டு விழும். 'சத்தெல்லாம் அப்படியே இருக்கும் சார்' என்று கடைக்காரர் சொல்வதற்காக வாங்காதீர்கள். எந்த ஜூஸரில் பிழிந்தாலும் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். ஸ்லோ ஜூஸரில் சாறு கூடுதலாக வரும், நுரை குறையும், காலையில் தூங்குகிறவர்களை எழுப்பாது. இவைதான் உண்மையான லாபம்.

இந்த மெஷினின் அருமை தெரிய வேண்டுமானால் பெங்களூரு நீலத் திராட்சையைப் போட்டுப் பாருங்கள். சிக்கபள்ளாபூர், தேவனஹள்ளி பக்கம் விளைகிற, புவிசார் குறியீடு பெற்ற ரகம். தோல் தடிப்பு, உள்ளே கொட்டை, லேசான புளிப்பு. ஹாப்காம்ஸ் என்ற தோட்டக்கலைக் கூட்டுறவுக் கடையில் வாங்கி, கழுவிக் காம்பு நீக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தோலின் நிறமெல்லாம் இறங்கி, கறுத்த ஊதா நிறத்தில் கெட்டியாகச் சாறு விழும். மிக்ஸியில் அடித்தால் கொட்டை உடைந்து துவர்த்துவிடும். இதில் பெரும்பாலான கொட்டைகள் சக்கையோடு வெளியே வந்துவிடுகின்றன. சர்க்கரை, தண்ணீர் எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

வாழைத்தண்டு அப்படியல்ல. வட்டமாக நறுக்கி, பொரியலுக்குச் செய்வதுபோல விரலில் நாரைச் சுற்றியெடுத்துவிட்டுப் போட்டாலும், மிச்சமிருக்கும் மெல்லிய நார் திருகின் அடியில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும். மோட்டார் முனகும், ரிவர்ஸ் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மிக்ஸியும் மோரும் ஒரு வடிகட்டியும் போதும். இஞ்சியையும் குறுக்காக மெல்லிசாக வெட்டித்தான் போட வேண்டும். சப்போட்டா, வாழைப்பழம், பட்டர்ஃப்ரூட் மூன்றும் மிக்ஸிக்கே. சாத்துக்குடியை வெள்ளைத் தோலும் கொட்டையும் இல்லாமல் உரித்துப் போட்டு உடனே குடிக்க வேண்டும். வைத்திருந்தால் கசப்பு ஏறும். சாத்துக்குடி, ஆரஞ்சு மட்டுமே பிழிகிற வீட்டுக்குக் கைப்பிழிவான் போதும்.

சுரைக்காய் விஷயத்தில் எங்கள் அம்மா கண்டிப்பு. 'நுனியக் கிள்ளி வாயில வச்சுப் பாத்தியா?' என்று கேட்காமல் மெஷினைப் போட விடமாட்டார். கசக்கிற சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு இருக்கிறது. அந்தச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. துளி கசந்தாலும் முழுக்காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், காசு போகிறதே என்று பார்க்காதீர்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் தேனும் வெள்ளைச் சர்க்கரையும் வருகிற அதே கணக்கில்தான் சேர்க்கிறது. அதனால் அவருக்குப் பழம் என்றால் நறுக்கித் தட்டில்தான். சாறு வேண்டுமென்று ஆசைப்பட்டால் வெள்ளைப்பூசணி, வெள்ளரி, ஒரு கீற்று எலுமிச்சை.

இனி கழுவுகிற கதை. குடித்து முடித்துக் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டால் சல்லடைக் கண்களில் சக்கை காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் வராது. பிழிந்த கையோடு தண்ணீரில் காட்டிவிட வேண்டும். காவிரித் தண்ணீர் வராத நாட்களில் போர்வெல், டேங்கர் தண்ணீரில் கழுவுகிறோம். அந்த உப்பு மெல்ல மெல்ல வெள்ளையாகப் படிந்து கண்களை அடைக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் விட்டுவிடும். பிளாஸ்டிக்கில் ஏறிய கேரட் கறைக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது ஜூஸரையே மூட்டை கட்டி வைத்துவிட்டோம்.

எங்கள் சல்லடையின் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்தது. சர்வீஸ் சென்டரில் 'வந்துடும், வந்துடும்' என்று வாரக்கணக்கில் அலையவிட்டார்கள். தனி உதிரிபாகத்துக்கு அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் கோபம் வந்தது. அதனால் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: சல்லடை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, சிலிக்கான் பட்டைகளும் அடைப்பான்களும் இந்த ஊரிலேயே இருப்பு உண்டா? தெளிவான பதில் வராத கடையில் என்ன தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.