‘அளந்து ஜோடி சேர்த்த’ ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்: ஃபஸ் பெடல் கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆன்லைனில் கிட்டார் பெடல் பாகங்கள் விற்கும் ஒரு கடையிலிருந்து வந்த பொட்டலம் பற்றியது இந்தப் பதிவு. ஆர்டரில் மூன்று பொருள்கள்: ஃபஸ் ஃபேஸ் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) சர்க்யூட்டுக்கான கிட்டும் அதனுடன் ‘அளந்து ஜோடி சேர்த்த’ ஏசி128 டிரான்சிஸ்டர் இரண்டும், ஜே201 ஜேஃபெட் (இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) பத்து, ‘பழைய இருப்பு’ என்று விற்கப்பட்ட ஜேஆர்சி 4558டி ஐசி (ஒலியைப் பெருக்கும் சில்லு) ஐந்து. மூன்றிலுமே வந்தது வேறு சரக்கு. எப்படித் தெரிந்தது, நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை அளவுகளோடு எழுதுகிறோம். தேவைப்படுவது ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு பிரெட்போர்டு, ஒரு 9 வோல்ட் பேட்டரி, நாலைந்து ரெசிஸ்டர். அவ்வளவுதான்.

முதலில் ஜெர்மானியத்தால் ஆன ஏசி128, ஏனென்றால் பணம் அதிகம் போவது அதில்தான். 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸில் என்கேடி275 என்ற ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அது இப்போது கிடைப்பது அரிது என்பதால் பெரும்பாலோர் ஏசி128 தேடுகிறார்கள். முதல் டிரான்சிஸ்டரின் கெயின் (மின்னோட்டத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) 70-80, இரண்டாவதின் கெயின் 100-130 என்று அமைந்தால் நன்றாக ஒலிக்கும் என்பது பெடல் கட்டுபவர்களிடையே பல காலமாக இருக்கும் கணக்கு. அதனால்தான் ‘ஜோடி’ என்ற சொல்லுக்கே தனி விலை. வந்த ஜோடியில் ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சின்னக் காகிதச் சீட்டு செருகியிருந்தது. ஒன்றில் 82, இன்னொன்றில் 118, பேனாவால் எழுதியது. பார்க்கிறவருக்கு உடனே நம்பிக்கை வரும்.

ஜெர்மானியத்தை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். பேஸுக்கு மின்னோட்டமே கொடுக்காதபோதும் கலெக்டர் வழியாகக் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் லீக்கேஜ். மீட்டரில் கெயின் அளக்க உள்ள எச்எஃப்இ துளையில் செருகினால் இந்த லீக்கேஜையும் கெயினாகவே எண்ணிக் காட்டிவிடும். பெடல் சர்க்யூட்டுகள் பற்றி எழுதும் ஆர்.ஜி. கீன் விளக்கிய எளிய முறை இதற்கு இன்றும் போதும். எமிட்டரை பேட்டரியின் பிளஸ்ஸில் இணையுங்கள். கலெக்டரிலிருந்து மைனஸுக்கு 2.2 கிலோஓமும் 270 ஓமும் தொடராக. பேஸிலிருந்து மைனஸுக்கு ஒரு சுவிட்ச் வழியாக 2.2 மெகாஓம். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கலெக்டர் பக்கமுள்ள அந்த இரு ரெசிஸ்டர்களுக்குக் குறுக்கே அளக்க வேண்டும். சுவிட்சை அழுத்துவதற்கு முன் வரும் அளவு லீக்கேஜ். அழுத்திய பின் வருவது லீக்கேஜும் கெயினும் சேர்ந்தது. இரண்டின் வித்தியாசத்தை நூறால் பெருக்கினால் உண்மையான கெயின். விரலால் பிடித்த சூடே லீக்கேஜை ஏற்றிவிடும் என்பதால், பிரெட்போர்டில் செருகிவிட்டு இரண்டு நிமிடம் விட்டு அளக்க வேண்டும்.

118 என்று எழுதியிருந்த டிரான்சிஸ்டர் அழுத்தும் முன் 0.74 வோல்ட் காட்டியது. அதாவது ஏறக்குறைய 300 மைக்ரோஆம்ப் லீக்கேஜ். அழுத்தியதும் 1.18. சீட்டில் இருந்த எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது: கழிக்காமல் அப்படியே எழுதியிருக்கிறார்கள். 1.18-இல் 0.74 போனால் 0.44. உண்மையான கெயின் 44 மட்டுமே.

82 என்று எழுதியிருந்ததின் கதை வேறு. அழுத்தும் முன் 0.00. அரை நிமிடம் விரலால் இறுக்கிப் பிடித்தபோதும் அதே 0.00. ஜெர்மானியம் இப்படி இருக்கவே இருக்காது. மீட்டரை டயோட் நிலைக்கு மாற்றி பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே அளந்தால் 0.66 வோல்ட். ஜெர்மானியமாக இருந்தால் 0.15 முதல் 0.3 வரை வரும். 0.6-க்கு மேல் வந்தால் அது சிலிக்கான், சந்தேகமே வேண்டாம். உலோகக் கூட்டின் மேல் ஏசி128 என்று அச்சிட்டு உள்ளே சாதாரண சிலிக்கான் பிஎன்பி. இந்த டயோட் சோதனைக்குப் பத்து விநாடிகூட ஆகாது. வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்யுங்கள்.

இந்த ஜோடியை அப்படியே போர்டில் வைத்திருந்தால்? பேட்டரியின் பிளஸ் கிரவுண்டாக இருக்கும் (பாசிட்டிவ் கிரவுண்ட்) ஃபஸ் ஃபேஸில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் மைனஸ் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். முதலாவது சிலிக்கானாக இருந்தால் அதன் பேஸ் 0.65 வோல்ட்டில் நிற்கும். 100 கிலோஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர் வழியாக இரண்டாவதின் எமிட்டர் 0.9 வோல்ட்டுக்குப் பக்கம் ஏறும். எமிட்டரில் இருப்பது 1 கிலோஓம் பாட் (திருகும் ரெசிஸ்டர்) என்பதால் ஓடுவது ஏறக்குறைய 0.9 மில்லிஆம்ப். கலெக்டரில் உள்ள 8.2 கிலோஓமும் 470 ஓமும் சேர்ந்து 8 வோல்ட்டைத் தின்றுவிடும். கலெக்டர் மைனஸ் 1 வோல்ட்டில் ஒட்டிக்கொள்ளும். சத்தம் திக்கித் திக்கி வரும், நோட் தேயும் முன்பே அறுந்து போகும். கட்டுகிறவர் தன் சால்டரிங்கில்தான் தப்பு என்று நினைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்துப் பார்ப்பார். 8.2 கிலோஓமுக்குப் பதில் 5 கிலோஓம் அளவுக்கு டிரிம்பாட் (திருகி அளவு மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) வைத்தால் பயாஸ், அதாவது சும்மா இருக்கும்போது நிற்கும் வோல்ட், சரியாகும், உண்மைதான். ஆனால் அப்போது கையில் இருப்பது, நாம் காசு கொடுத்துக் கேட்ட ஃபஸ் அல்ல.

லீக்கேஜ் மிகுந்ததை முதலாவதாக மாற்றிப் போட்டாலும் பயன் இல்லை. 33 கிலோஓம் வழியாக முதல் டிரான்சிஸ்டருக்கு மொத்தமே கால் மில்லிஆம்ப்தான் வருகிறது. 300 மைக்ரோஆம்ப் கசிகிற ஒன்றுக்கு அதுவே போதாது. முதல் இடத்துக்கு 100 மைக்ரோஆம்புக்குள், இரண்டாவதுக்கு 200-க்குள் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜெர்மானியம் லீக்கேஜ் ஏறத்தாழ 10 டிகிரிக்கு இரட்டிப்பாகும். குளிர்நாட்டில் 20 டிகிரியில் 100 மைக்ரோஆம்ப் என்று நேர்மையாகவே அளந்து அனுப்பினாலும், சென்னையின் 35 டிகிரியில் அது 280-ஐத் தொடும். ஆகவே விற்பவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: லீக்கேஜ் கழித்த கெயின், லீக்கேஜ், அளந்தபோது அறை வெப்பநிலை. மூன்றையும் சொல்லாதவரிடம் ஜோடி விலை கொடுக்காதீர்கள்.

அடுத்து ஜே201. கால் நீண்ட பிளாஸ்டிக் கூட்டில் ஃபேர்சைல்டு செய்துவந்தது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன, அதனாலேயே போலி பெருத்துவிட்டது. இதன் மூன்று கால்கள் கேட், சோர்ஸ், டிரெயின். கேட்டையும் சோர்ஸையும் ஒன்றாக இணைத்து கிரவுண்டில் வைத்து, டிரெயினுக்கு மில்லிஆம்ப் மீட்டர் வழியாக 9 வோல்ட் கொடுங்கள். அசல் ஜே201 என்றால் 0.2 முதல் 1 மில்லிஆம்புக்குள் காட்ட வேண்டும். வந்த பத்தில் ஒன்பது 6 மில்லிஆம்புக்கு மேல் காட்டின. அவை ஏதோ வேறு ஜேஃபெட், அச்சு மட்டும் ஜே201. பத்தாவதில் இரு ஓரக் கால்களுக்கு நடுவே எந்தத் திசையிலும் மின்னோட்டம் ஓடவில்லை, நடுக் கால் பேஸாகக் காட்டியது. அது ஜேஃபெட்டே அல்ல, ஏசி128 போல பேஸ் உள்ள சாதாரண பைபோலார் டிரான்சிஸ்டர். டிரெயினில் 100 கிலோஓம் டிரிம்பாட் வைக்கும் பூஸ்டர் சர்க்யூட்டுகளில் இவற்றைப் போட்டால், பாட்டைத் திருப்பும் பெரும்பகுதியிலும் டிரெயின் கிரவுண்டை ஒட்டியே கிடக்கும், 4.5 வோல்ட்டில் நிறுத்துவது கடினம். இன்றைக்குச் சரியான வழி, எம்எம்பிஎஃப்ஜே201 என்ற மேற்பரப்பில் ஒட்டும் வகையை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கி, சின்ன அடாப்டர் போர்டில் சால்டர் செய்து பயன்படுத்துவதுதான். சின்னதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், மூன்று கால்தான்.

4558டி விஷயம் மனதை அதிகம் உறுத்துகிறது. இது ஒன்றும் கிடைக்காத பொருள் அல்ல. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஆர்சி4558பி சொற்ப விலைக்குக் கிடைக்கிறது, டியூப் ஸ்கிரீமர் ஓவர்டிரைவ் பெடல் சர்க்யூட்டில் ஒழுங்காக வேலை செய்கிறது. ஐபனெஸின் டிஎஸ்808 டியூப் ஸ்கிரீமரில் இருந்தது என்ற பெயருக்காக, அந்த அச்சு எழுத்துகளுக்குப் பல மடங்கு விலை கொடுக்கிறோம். அந்த ஆசைதான் போலிக்கு முதலீடு. வந்த ஐந்தின் மேலும் ஒரே தேதிக் குறியீடு, ஆனால் அடிப்பக்கத்து வார்ப்பு அடையாளம் மூன்று விதமாக இருந்தது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தபோது எழுத்து கரைந்து, கீழே உரசித் தேய்த்த கோடுகள் தெரிந்தன. மை அச்சு அசலிலும் சில சமயம் கரையும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. கோடுகளைப் பாருங்கள், பிறகு அளந்து பாருங்கள்.

அளக்கும் விதம்: எட்டாவது காலில் 9 வோல்ட், நான்காவது கிரவுண்ட், ஒன்றையும் இரண்டையும் இணைத்து, மூன்றைக் கிரவுண்டில் வையுங்கள். சும்மா இருக்கும் மறு பாதிக்கும் இதேபோல் ஆறையும் ஏழையும் இணைத்து, ஐந்தைக் கிரவுண்டில் வைக்கலாம். முதல் காலின் வோல்ட்டைப் பாருங்கள். எல்எம்358 என்ற வேறு ஐசியாக இருந்தால் சில மில்லிவோல்ட் வரை இறங்கிவிடும், அது அப்படி வடிவமைக்கப்பட்டது. 4558 சுழி வரை இறங்கவே இறங்காது. ஐந்தில் நான்கு இறங்கின. அடுத்து, மூன்றாவது, ஐந்தாவது கால்களை 4.5 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டு சப்ளை மின்னோட்டத்தையும் பாருங்கள்: 4558 இரண்டு மூன்று மில்லிஆம்ப் இழுக்கும், 358-க்கு ஒன்றுக்குள்தான். 358-ஐ ஓவர்டிரைவில் போட்டால் பலமாக வாசிக்கும்போது வித்தியாசம் தெரியாது. நோட் அடங்கும் இடத்தில் ஒரு கரகரப்பு வரும். அது கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், சிக்னல் பிளஸ் பாதியிலிருந்து மைனஸ் பாதிக்கு மாறும் இடத்தில் வரும் பிசகு. டயோடை மாற்றியும் கெப்பாசிட்டரை மாற்றியும் அது போகாது.

கிட்டின் மற்ற பாகங்களில் ஒன்று மட்டும்: ஏ500கே என்று அச்சிட்ட வால்யூம் பாட் நடுவில் வைத்தபோது 250 கிலோஓம் காட்டியது, அதாவது லீனியர் (திருப்பத் திருப்ப ஒரே சீராக ஏறுவது). ‘ஏ’ குறிக்கும் ஆடியோ டேப்பர் (முதலில் மெதுவாக ஏறுவது) என்றால் 50 முதல் 75 கிலோஓமுக்குள் வரும்.

புகார் செய்ததற்கு வந்த பதில் இரண்டு வரி. சால்டரிங் சூட்டில் டிரான்சிஸ்டர் கெட்டிருக்கும், பயன்படுத்திய பாகத்துக்குப் பணம் திரும்பாது என்று. எதையும் சால்டர் செய்யவில்லை. சூட்டில் ஜெர்மானியம் கெடும், ஆனால் சிலிக்கானாக மாறாது. ஆகவே பொட்டலத்தைப் பிரிப்பது முதல் மீட்டர் அளவு வரை ஒரே வீடியோவாக, ஆர்டர் எண் தெரியும்படி எடுங்கள். கால்களை வெட்டாதீர்கள், வளைக்காதீர்கள். போர்டில் சாக்கெட் வைத்தே கட்டுங்கள். விற்பவர் இந்தியாவில் இருந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாரை எழுத்தில், அளவுகளோடு அனுப்புங்கள். நகர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம்.

அந்தக் கடையின் விற்பனைப் பக்கத்தில் அதே படம் இன்னும் இருக்கிறது: உலோகக் கூட்டில் இரண்டு டிரான்சிஸ்டர், காலில் செருகிய சீட்டு, சீட்டில் கெயின் மட்டும். லீக்கேஜ் இல்லை, வெப்பநிலை இல்லை. அந்தப் படத்தை எங்கே பார்த்தாலும் வாங்க வேண்டாம்.