ஒரிஜினல் ஆர்சி கையில வராம வேனுக்குப் பணம் குடுக்காதீங்க, எனக்கு 2,40,000 போச்சு

கை இன்னும் நடுங்குது. தப்பும் தவறுமா இருந்தா பொறுத்துக்கங்க. நேத்து மத்தியானம் என் வேனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வாங்கி முப்பத்தி நாலு நாள்தான் ஆச்சு. 2,40,000 ரூபாய்.

மதுரையில ஏசி மெக்கானிக்கா இருக்கேன். ஐடிஐ முடிச்சு அஞ்சு வருஷம் ஒரு கடையில வேலை பாத்துட்டு, தை மாசம்தான் தனியா வந்தேன். இந்தத் தொழில்ல வண்டி இல்லாம தனியா நிக்கவே முடியாது. கேஸ் சிலிண்டர், வேக்குவம் பம்ப், டிரில்லிங் மெஷின் வரைக்கும் எக்ஸ்எல்ல கட்டிட்டுப் போயிரலாம். ஒன்றரை டன் அவுட்டோர் யூனிட்டும் ஏணியும் எப்படிப் போகும்? ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் குட்டி யானை பிடிச்சா எழுநூறு, எண்ணூறு. கூலியே ஆயிரத்து ஐந்நூறு. ஹெல்பருக்குக் குடுத்தது போக என்ன நிக்கும்? மாசி, பங்குனி, சித்திரை இந்த மூணு மாசம் ஓடுற ஓட்டந்தான் எங்களுக்கு வருஷம் பூராவும் சோறு. அதுக்குள்ள வண்டி வேணும்னு அலைஞ்சேன்.

பழைய வண்டி வாங்கி விக்கிற ஒரு கன்சல்டிங் கடை. பேரைப் போட வேணாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு, அதனால போடல. அங்க 2016 மாடல் மாருதி ஈகோ வேன் நின்னுச்சு. வெள்ளைக் கலர், அஞ்சு சீட்டு. எனக்குத் தெரிஞ்ச டிங்கர் அண்ணனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அடியில துரு இல்ல, இன்ஜின் சத்தம் சுத்தம், தைரியமா எடுன்னாரு. வண்டியில ஒரு குறையும் இல்ல, அது உண்மை. குறை பூராவும் பேப்பர்லதான் இருந்துச்சு. அதைப் பாக்கத்தான் நான் யாரையும் கூட்டிட்டுப் போகல.

ஆர்சி ஜெராக்ஸ்தான் காட்டுனாங்க. அதுல பைனான்ஸ் பேரு எதுவும் இல்ல. ஒரிஜினல் எங்கன்னு கேட்டேன். கேக்காம இல்ல, கேட்டேன். "ஆர்டிஓ ஆபீஸ்ல இருக்கு தம்பி, உன் பேருக்கு மாத்தத்தான் குடுத்திருக்கோம்"னாரு கடைக்காரர். சாவி ஒண்ணுதான் குடுத்தாங்க, இன்னொண்ணு தொலைஞ்சு போச்சாம். வண்டியைப் பேரு மாத்துறதுக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டையும் மேசையில விரிச்சு, எங்கெங்க கையெழுத்துப் போடணும்னு விரல் வச்சுக் காட்டினாரு. கவர்மெண்ட் ஃபாரத்தைப் பாத்ததும் என் மனசு அடங்கிப் போச்சு.

பணத்தை எண்ணி வாங்கினவர், அதுல இருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை உருவி என் சட்டைப் பையில வச்சாரு. "தொழில் பண்ற பையன் நீ, நல்லா வருவ. போற வழியில சாமிக்கு மாலை வாங்கிப் போடு"ன்னாரு. எங்க அம்மா அந்த இடத்துலயே அழுதுட்டாங்க. அந்த மாலையை வாங்கித்தான் வண்டிக்குப் போட்டோம். 2,40,000ல எண்பதாயிரம் நான் சீட்டுப் போட்டுச் சேத்தது. தொண்ணூறாயிரம் அம்மா செயினை அடகு வச்சது. எழுபதாயிரம் அக்கா வீட்டுக்காரர் குடுத்தது. அத்தான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட பரவாயில்ல.

ஆர்சி எப்ப வரும்னு வாரத்துக்கு ரெண்டு தடவை போன் போடுவேன். சர்வர் வேலை செய்யலன்னாங்க. அப்புறம் ஆபீஸர் லீவு. அப்புறம் பங்குனி உத்திரம். "உன் வண்டியை யாரு தூக்கிட்டுப் போகப் போறா, ஓட்டு தம்பி"ன்னு ஒரு நாள் சொன்னாரு. இதே வார்த்தையைத்தான் சொன்னாரு.

நேத்து கே.கே. நகர்ல ஒரு வீட்டு ரெண்டாவது மாடியில யூனிட்டைத் தொங்க விட்டு போல்ட் முடுக்கிட்டு இருக்கேன். கீழ வண்டி ஸ்டார்ட் ஆகுற சத்தம். எட்டிப் பாத்தா ரெண்டு பேர். கண்ணாடியை உடைக்கல, எதையும் நெம்பல. தொலைஞ்சு போச்சுன்னு சொன்ன அந்த இன்னொரு சாவியைப் போட்டுத்தான் எடுத்துட்டுப் போறாங்க. நான் படியிறங்கி ஓடுறதுக்குள்ள தெருமுனை தாண்டிட்டாங்க. பம்ப், கேஜ், செம்புக் குழாய் எல்லாம் உள்ள.

வண்டியை முதல்ல வச்சிருந்தவர் அதுமேல ரீஃபைனான்ஸ், அதாவது வண்டியை வச்சுக் கடன், வாங்கியிருக்காரு. ஒரிஜினல் ஆர்சியும் ரெண்டாவது சாவியும் பைனான்ஸ்காரங்ககிட்ட. அஞ்சு டியூ கட்டல. எனக்குக் காட்டின ஜெராக்ஸ் அந்தக் கடனுக்கு முன்னாடி எடுத்தது. இப்ப 1,62,000 கட்டினா வண்டி தர்றோம்கிறாங்க. டூல் பையை மட்டும் சாயங்காலம் கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்.

கன்சல்டிங்ல போய் நின்னா, "நாங்க இடையில இருக்கிறவங்கதான், நீ பார்ட்டிகிட்டப் பேசு"ன்னு ஒரு நம்பர் குடுத்தாங்க. ஸ்விட்ச் ஆஃப். "எனக்கு வந்தது கமிஷன் மட்டும்தான் தம்பி"ன்னாரு. 2,40,000ஐ அவர் கையால எண்ணி வாங்கினாரு, எங்க அம்மா பாத்துட்டு நின்னாங்க. இன்னைக்குக் காலையில போனா அண்ணன் பழனிக்குப் போயிருக்காருன்னு கடைப்பையன் சொல்றான். என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னு சொல்லி மூணு மணி நேரம் உக்கார வச்சு, கடைசியா சிஎஸ்ஆர், அதாவது புகார் வாங்கினதுக்கு ரசீது, மட்டும் போட்டுக் குடுத்தாங்க.

என்னென்ன பாக்கணும்னு வரிசையா விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. இதையாவது செய்ங்க. பணம் குடுக்குறதுக்கு முன்னாடி எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க, பைனான்ஸ் இருந்தா பேரு வரும். ரெண்டு நிமிஷ வேலை, நான் செய்யல. பைனான்ஸ் இருந்தா, கடன் முடிஞ்சு ஆர்சியில இருந்து பைனான்ஸ் பேரை எடுக்குற ஃபார்ம் 35ம், பைனான்ஸ்காரங்க ஆட்சேபணை இல்லன்னு குடுக்குற என்ஓசியும் இல்லாம ஒத்தை ரூபாய் தராதீங்க. ரெண்டு சாவி கேளுங்க. ஆர்சியில இருக்கிற ஆளை நேர்ல பாருங்க. 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி விக்கிற கடைக்காரங்க ஆர்டிஓகிட்ட அனுமதிச் சான்று வாங்கியிருக்கணும், அதைக் காட்டச் சொல்லுங்க. பணத்தை ரொக்கமா மட்டும் குடுக்காதீங்க. நான் குடுத்தேன், ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கு, அதுலயும் 'அட்வான்ஸ்'னு எழுதியிருக்கு.

நுகர்வோர் கோர்ட்ல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்லன்னு வக்கீல் சொன்னாரு, மனு எழுதிட்டு இருக்கோம். இதே மாதிரி மாட்டி பணம் திரும்ப வாங்கினவங்க யாராவது இருந்தா, மனுவுல என்ன எழுதினீங்கன்னு சொல்லுங்க. மீதிய ராத்திரி வந்து எழுதுறேன். நேத்துப் பாதியில விட்ட யூனிட்டை இன்னைக்கு முடிச்சுக் குடுக்கணும், கீழ குட்டி யானைக்காரர் ஹாரன் அடிக்கிறாரு.