செத்த பயாஸை எழுப்ப: கருப்பு புரோகிராமரா, பிகோவா, கடைக்காரரா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மாலை நாலு மணிக்கு மேல் பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் நிரல்) அப்டேட் போடுவதும், வடகத்தைக் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்க்காமல் ஈப்போவுக்கு பஸ் ஏறுவதும் ஒன்றுதான். இது தெரிந்தும் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) வீட்டுப் பையன் போட்டிருக்கிறான். பாதியில் இடி, கரண்டு போய்விட்டது. திரும்ப வந்தபோது விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. மறுநாள் காலை கிராணியே அந்தப் பெட்டியை உரச் சாக்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். “தம்பி, செம்பனைக் கணக்கு பூரா இதுக்குள்ளதான் இருக்கு, இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள வேணும்” என்றார். கணக்கு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, போனது சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும் ஒரு சிப்புக்குள் எழுதியிருந்த எழுத்து என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அதே வாரம் இன்னும் இரண்டு லேப்டாப் வந்தன, அதே நோய். மூன்றுக்கும் மூன்று வழி. சிப்பில் எழுத எந்தக் கருவியை, அதாவது எந்தப் புரோகிராமரை, வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது சிப்பின் வோல்டேஜ்.

அதற்கும் முன்னால், எதையும் வாங்காமல் பிழைக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கொஞ்சம் புதிய டெஸ்க்டாப் போர்டுகளில் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். ஆசுஸ் அதை பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்கிறது, ஜிகாபைட் கியூ-ஃப்ளாஷ் பிளஸ் என்கிறது, எம்எஸ்ஐயிலும் உண்டு. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, அந்த போர்டு கேட்கும் பெயரையே வைத்து (எம்எஸ்ஐயில் ‘எம்எஸ்ஐ.ரோம்’, ஜிகாபைட்டில் ‘ஜிகாபைட்.பின்’), குறித்த யுஎஸ்பி துளையில் செருகி அழுத்தினால், பல போர்டுகளில் சிபியு, ரேம் இல்லாமல்கூட அதுவே எழுதிக்கொள்ளும். சில எச்பி லேப்டாப்களில் விண்டோஸ் பட்டனையும் பி-யையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் மீட்பு ஓடும். இவை வேலை செய்தால் கீழே உள்ள எதுவும் வேண்டாம். கிராணியின் போர்டு எச்61 என்கிற பழைய வகை, பட்டனும் இல்லை ஒன்றும் இல்லை.

சரி, கருப்பு புரோகிராமருக்கு வருவோம். சிஎச்341ஏ. சட்டைப் பையில் அடங்குவது, சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பும் அடாப்டரும் சேர்த்தே ஆன்லைனில் இருபது முப்பது வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) கிடைக்கிறது. ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது இதுதான், என்னிடமும் முதலில் இருந்தது இதுதான். விண்டோஸில் ஆஸ்புரோகிராமர், லினக்ஸில் ஃப்ளாஷ்ரோம் என்ற மென்பொருள்களோடு இரண்டிலும் ஓடும். வேகம் மட்டும் ஊர்ப் பெயருக்கு ஏற்ற வேகம் (சிப்புட் என்றால் மலாயில் நத்தை). 16 மெகாபைட் சிப்பைப் படித்து, அழித்து, எழுதி, சரிபார்ப்பதற்குள் எதிர் ஒட்டுக்கடையில் ஒரு தே தாரே குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அதன் பிரச்சினை வேகம் இல்லை. பரவலாக விற்கும் அந்தக் கருப்பு வகையில் சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட் என்றாலும், அதே சிப்போடு பேசும் கம்பிகளில் 5 வோல்ட் ஓடுகிறது, காரணம் நடுவில் இருக்கும் சிஎச்341ஏ 5 வோல்ட்டில் உயிர் வாழ்கிறது. மல்டிமீட்டரின் கருப்பு முனையை நாலாம் காலிலும் சிவப்பை முதல் காலிலும் வைத்துப் பாருங்கள். என்னுடையதில் 4.8 காட்டியது. வின்பாண்ட் கம்பெனியின் 25கியூ சிப் வரிசையின் தரவுத் தாளில், எந்தக் காலுக்கும் விநியோக வோல்டேஜுக்கு மேல் 0.4 வோல்ட்தான் உச்சம் என்று போட்டிருக்கிறது. அதாவது 3.7. ஆயிரம் பேர் இதை மீறி எழுதியும் சிப் தாங்கியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிளிப்பைப் போர்டின் மேலேயே மாட்டும்போது அந்தக் கம்பிகள் சிப்போடு நிற்பதில்லை, போர்டை நடத்தும் பெரிய சிப்பான சிப்செட்டுக்கு நேராகப் போகின்றன. ஃப்ளாஷ் சிப் போனால் சில வெள்ளியோடு போகும். சிப்செட் போனால் போர்டே போச்சு.

இதைச் சரிசெய்யலாம். சிஎச்341ஏ-யின் 28ஆம் காலைத் தூக்கி, 5 வோல்ட்டிலிருந்து பிரித்து, ரெகுலேட்டரிலிருந்து வரும் 3.3 வோல்ட்டை அதற்கும் 9ஆம் காலுக்கும் கொடுக்க வேண்டும். மெல்லிய சோல்டரிங் முனையும் கைநடுக்கம் இல்லாத காலை நேரமும் இருந்தால் கால் மணி நேர வேலை. நான் செய்திருக்கிறேன், இரண்டாவது புரோகிராமரில். முதலாவதில் காலே முறிந்துவிட்டது. வோல்டேஜ் மாற்றும் சுவிட்சோடு வருகிற வகைகளும் இப்போது உண்டு. அதை வாங்கினாலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன்.

பிகோவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ராஸ்பெர்ரி பை பிகோவின் கால்கள் பிறப்பிலேயே 3.3 வோல்ட். 2021இல் வந்த இந்தச் சின்னப் பலகையின் விலையும் கருப்பு புரோகிராமரை ஒட்டியேதான். இதற்கென்றே உள்ள செர்ப்ராக் ஃபைலைப் பென்டிரைவில் போடுவது மாதிரி அதற்குள் இழுத்துப் போட்டால், ஃப்ளாஷ்ரோம் அதைப் புரோகிராமராகவே பார்க்கும். முழு ராஸ்பெர்ரி பை கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பிகோகூட வேண்டாம்: அதன் 40 கால் வரிசையில் 19, 21, 23, 24 நாலும் தரவுக்கு, 17 மின்சாரம், 25 தரை. எஸ்பிஐயை (சிப்போடு பேசும் வழி) அமைப்பில் திறந்துவிட்டு, வேகத்தை ஆயிரம் கிலோஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள்.

கஷ்டம் கம்பியில் இருக்கிறது. கருப்பு புரோகிராமரில் கிளிப்பின் ரிப்பனைச் செருகினால் முடிந்தது, இங்கே எட்டுக் கம்பியையும் நீங்களே மாட்டுகிறீர்கள். மூன்றாம் காலையும் ஏழாம் காலையும் 3.3இல் கட்ட மறந்தால் சிப் சில நேரம் பேசும், சில நேரம் பேசாது, பாதி ராத்திரி வரை அது உங்களைப் பைத்தியமாக்கும். கம்பி ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது. இவ்வளவும் சேர்த்துப் பார்த்தாலும், போர்டில் ஒட்டியிருக்கும் சிப்புக்கு என் ஓட்டு பிகோவுக்குத்தான். திருத்தாத கருப்பு புரோகிராமரை நான் இப்போது போர்டின் பக்கத்திலேயே கொண்டுபோவதில்லை.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தோல்வி உண்டு: கிளிப் வழியாகக் கொடுக்கும் 3.3 வோல்ட்டைச் சிப் மட்டும் குடிக்காது, போர்டின் அந்தத் தடம் முழுக்கச் சேர்ந்து இழுக்கும், வோல்டேஜ் இறங்கும், சிப்பைக் காணவில்லை என்று வரும். பவர் வயரைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் காசு பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் அந்த போர்டில் கிளிப் சரிவராது, சிப்பைக் கழற்ற வேண்டியதுதான்.

பெரிய யுனிவர்சல் புரோகிராமர்களை, எக்ஸ்ஜீகுவின் டி48 அல்லது பழுதுக் கடைகளில் இருக்கும் ஆர்டி809எச் மாதிரியானவற்றை, மாதம் பத்துப் போர்டு பார்க்கிறவர் வாங்கட்டும். வேகம், நிம்மதி, நூற்றுக்கணக்கில் வெள்ளி. எனக்கு வருவது மாதம் இரண்டு.

கடைக்குக் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சூடு பட்டது அங்கேதான். சில வருடத்துக்கு முன் என் சொந்த லேப்டாப்பை வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். 180 வெள்ளி, இரண்டு வாரம். திரும்பி வந்தது, ஓடியது, சந்தோஷம். வீட்டில் கேபிளைச் செருகிப் பார்த்தால் நெட்வொர்க் முகவரி 88:88:88:88:87:88. சீரியல் எண் இருக்க வேண்டிய இடம் காலி. விண்டோஸ் தன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. நடந்தது என்னவென்றால், பழைய சிப்பில் இருந்ததைப் படித்து வைக்காமல், எங்கிருந்தோ எடுத்த ஃபைலை அப்படியே ஊற்றியிருக்கிறார்கள். இன்டெல் போர்டின் சிப்புக்குள் பயாஸ் மட்டும் இல்லை: முன்னால் பகுதிகளைப் பிரித்துச் சொல்லும் அட்டவணை, பிறகு எம்இ (இன்டெல்லின் உள் நிர்வாக நிரல்) என்கிற பகுதி, பல போர்டுகளில் நெட்வொர்க் முகவரிக்குத் தனிப் பகுதி, கடைசியில் பயாஸ், அதற்குள் சீரியல் எண்ணும் விண்டோஸ் சாவியும். எழுதும்போது பாதியில் கரண்டு போனால் கெடுவது பெரும்பாலும் பயாஸ் பகுதியில் ஒரு துண்டு. மற்றது எல்லாம் உயிரோடுதான் இருக்கும்.

அதனால் எந்தக் கருவியானாலும் முதல் வேலை, செத்த சிப்பை அப்படியே படித்து வைப்பது. இரண்டு முறை படியுங்கள், இரண்டு ஃபைலின் செக்சம்மும் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், இல்லை என்றால் கிளிப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள். ஃபைல் முழுக்க எஃப்எஃப் என்று வந்தால் சிப் காலி என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் கிளிப் தொடவே இல்லை. அப்புறம் கம்பெனி ஃபைலில் இருந்து பயாஸ் பகுதியை மட்டும் யுஇஎஃப்ஐடூல் என்ற மென்பொருளில் எடுத்து, பழைய ஃபைலுக்குள் அதே இடத்தில் வைத்து, பழைய சாவியையும் சீரியலையும் அதற்குள் ஏற்றி எழுத வேண்டும். ஆசுஸ் ‘கேப்’ ஃபைலின் தலையில் வழக்கமாக 2048 பைட் உறை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெட்டாமல் சிப்பில் எழுதினால் எல்லாம் இடம் தள்ளிப்போய் போர்டு அசையாது. ஃபைல் அளவு சிப் அளவைவிடத் துளி பெரிதாக இருந்தால் அதுதான் அடையாளம். ஏற்கெனவே பயாஸ் எழுதித் தபாலில் வரும் சிப்புக்கும் இதே கதைதான்: வாங்கலாம், ஆனால் பழைய சிப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.

கிளிப்பா, கழற்றுவதா என்பதில் எனக்கு ஒரே பதில் இல்லை. மலிவு கிளிப்பின் பற்கள் நாலைந்து தடவையில் தளர்ந்துவிடும், பிடித்த கையை எடுத்தால் நழுவும். போமோனா 5250 கிளிப்பின் விலை அதிகம், ஆனால் நிற்கும். சில போர்டுகளில் கால்மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், ஐசோபுரோப்பைலில் பல்துலக்கியை நனைத்துத் தேய்த்தால்தான் பிடிக்கும். கால்களே வெளியே நீட்டாத டபிள்யூசன்8 வகைச் சிப்பில் கிளிப்புக்குப் பிடிமானமே கிடையாது, அதற்கு ஊசி முனை புரோப் தனியாக வேண்டும். கழற்ற ஹாட் ஏர் கருவி வேண்டும், பக்கத்துப் பிளாஸ்டிக்கை வெப்பம் தாங்கும் கேப்டன் டேப்பால் மூட வேண்டும். பழகாதவர் முதல் முயற்சியிலேயே போர்டின் செம்புத் தடத்தைப் பிய்த்துவிடுவார். நானும் பிய்த்தவன்தான்.

மீட்பதோடு நிற்காமல் மாற்றவும் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை எழுதுவீர்கள், சிப் அதைத் தாங்கும், லட்சம் தடவை அழித்தெழுதலாம் என்றுதான் போட்டிருக்கிறார்கள், ஆனால் கிளிப்பும் உங்கள் பொறுமையும் தாங்காது. ஒரு தடவை கழற்றி, சாக்கெட் வைத்துவிடுவது நல்லது. பழைய போர்டில் என்விஎம்இ டிரைவரை ஏற்றி அந்தப் புதிய வகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆக்குவது, சில லேப்டாப்களின் வைஃபை கார்டுத் தடைப்பட்டியலை நீக்குவது, இதற்கெல்லாம் போர்டின் சொந்த அப்டேட் கருவி மாற்றிய ஃபைலை வாங்கிக்கொள்ளாது, புரோகிராமர் எந்தக் கேள்வியும் கேட்காது. கேட்பது வேறொருவர். 2013இல் ஹாஸ்வெல்லோடு வந்த இன்டெல் பூட் கார்ட் என்ற கையெழுத்துச் சோதனை போட்டுப் பூட்டிய இயந்திரமாக இருந்தால், நீங்கள் எழுதினது சரியாக எழுதப்பட்டிருக்கும், ஆனால் கையெழுத்து பொருந்தாமல் கிளம்பவே கிளம்பாது. படித்து வைத்த பழைய ஃபைல் அப்போதுதான் உதவும்.

கிராணியின் எச்61 போர்டில் சிப் சாக்கெட்டிலேயே உட்கார்ந்திருந்தது, பழைய டிப்8 வகை. ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பியதும் கையோடு வந்துவிட்டது. புள்ளி இருக்கும் மூலை எந்தப் பக்கம் என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். திருத்திய கருப்பு புரோகிராமருக்கு இதைவிட ஏற்ற வேலை கிடையாது, வெளியே இருக்கும் சிப், நேராகத் துளையில். படித்தது, ஒட்டியது, எழுதியது எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். சும்மா விடவில்லை, அதே ஃபைலில் என்விஎம்இ டிரைவரையும் சேர்த்துவிட்டேன், அந்த எஸ்எஸ்டியைச் செருகக் கிராஃபிக்ஸ் கார்டு துளை காலியாகத்தானே கிடக்கிறது. முதல் லேப்டாப் பிகோவில் எழுந்தது, இரண்டாவது தடவை கிளிப்பை அழுத்திப் பிடித்தபின்.

மூன்றாவது இன்னும் மேசைமேல் கிடக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் 25கியூ64எஃப்டபிள்யூ, கடைசி எழுத்து வி இல்லை, டபிள்யூ. 1.8 வோல்ட் சிப். திருத்திய கருப்பும் பிகோவும் இதற்கு ஆகாது, இரண்டுமே 3.3. நடுவில் வைக்கிற 1.8 அடாப்டர் தபாலில் வந்துகொண்டிருக்கிறது. லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் தினமும் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.