3018 சிஎன்சி வாங்கலாமா? வாங்கலாம், எல்-கீயோடு உட்காரத் தயார் என்றால்

மரத்தில் பெயர்ப்பலகை வெட்டணும், வீட்டிலேயே பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) செதுக்கணும், கையில் இருப்பது இருபதாயிரம் ரூபாய் என்று தேட ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது 3018 சிஎன்சியில்தான், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டிச் செதுக்கும் சின்ன மெஷினில். இது ஒரு கம்பெனியின் மாடல் கிடையாது. எக்ஸ் அச்சு 300 மிமீ, ஒய் அச்சு 180 மிமீ ஓடும், அதை வைத்து வந்த பெயர். மேலும் கீழும் போகிற இசட் வெறும் 45 மிமீ. ஒரே வடிவத்தை எத்தனையோ பேர் செய்து ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். அதனால் என்னுடையது எங்கே வாங்கியது என்பதை விடுங்கள், இந்த வகை மெஷின் எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் தீர்ப்பு: கொடுத்த காசுக்கு நல்ல மெஷின். ஆனால் பெட்டியில் வருவது மெஷின் இல்லை, உதிரி பாகங்கள். 2020 (20 மிமீ சதுர) அலுமினிய புரொஃபைல், கறுப்பு பேக்கலைட் தகடுகள், 10 மிமீ கம்பிகள், அச்சை நகர்த்தும் மரைக் கம்பியான லீட் ஸ்க்ரூ, வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலாக ஒரு 775 மோட்டார், பை பையாக ஸ்க்ரூ. கூட வந்த கையேட்டில் படங்கள் தபால்தலை அளவு, அதைப் பார்த்து மாட்டுவதைவிட யூடியூபைப் பார்த்து மாட்டுவது மேல்.

மாட்டும்போது எந்த ஸ்க்ரூவையும் எல்-கீயால், அதாவது எல் வடிவ ஸ்க்ரூ சாவியால், எடுத்தவுடன் முழுசாக இறுக்க வேண்டாம். எல்லாவற்றையும் அரைகுறையாக விட்டு, ஃப்ரேமின் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று டேப் வைத்துப் பார்த்து, மூலைமட்டம் வைத்து, லீட் ஸ்க்ரூவைக் கையால் சுற்றி இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஓட்டிப் பார்த்து, எங்கேயும் பிடிக்கவில்லை என்றால் அப்புறம் இறுக்குங்கள். நடுவில் லேசாக ஓடி ஓரத்தில் போய் இறுகினால் கம்பிகள் இணையாக இல்லை என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால் வெட்டும்போது அச்சை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் ‘கொர்ர்’ என்று சத்தம் போட்டு ஸ்டெப் விடும் (நகர வேண்டிய படிகளைத் தவறவிடும்), நீங்கள் கன்ட்ரோல் போர்டு கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

சாஃப்ட்வேர் பக்கம் கஷ்டமே இல்லை. உள்ளே ஓடுவது ஜிஆர்பிஎல். 2009-இல் நார்வேயைச் சேர்ந்த சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கி, பிறகு சங்கியுன் ஜியோன் பொறுப்பேற்று வளர்த்த இலவச ஃபர்ம்வேர், அதாவது போர்டின் சிப்புக்குள்ளேயே ஓடுகிற சாஃப்ட்வேர். அர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டில் இருக்கிற அதே 32 கேபி அட்மெகா328 சிப்பில் மூன்று அச்சையும் ஓட்டிவிடுகிறது, இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். கம்ப்யூட்டரிலிருந்து ஜி-கோடு (மெஷினுக்கான நகர்வுக் கட்டளைகள்) அனுப்ப கேண்டில் அல்லது யூனிவர்சல் ஜி-கோடு சென்டர் என்ற சாஃப்ட்வேர் போதும். யூஎஸ்பி செருகியும் போர்ட் காட்டவில்லை என்றால் பெரும்பாலும் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப்புக்கான டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை. தொடர்பு வேகம் (பாட் ரேட்) 115200 வைக்க வேண்டும், வேறு எண் வைத்தால் திரையில் குப்பை எழுத்து ஓடும்.

அந்த சாஃப்ட்வேரில் இரண்டு டாலர் குறி ($$) அடித்தால் ஜிஆர்பிஎல்லின் செட்டிங்ஸ் பட்டியல் வரும். இங்கேதான் எல்லோரும் கை வைத்துக் கெடுக்கிறார்கள். 100 மிமீ கோடு போடச் சொன்னால் 99.4 வருகிறது, உடனே டாலர் 100-ஐ, அதாவது எக்ஸ் அச்சு ஒரு மிமீ நகர எத்தனை ஸ்டெப் என்ற எண்ணை, மாற்றிவிடுகிறார்கள். மாற்றாதீர்கள். அந்த எண் கணக்கிலிருந்து வருவது: மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பையும் பிரிக்கிற மைக்ரோஸ்டெப் 16, லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு நகர்த்துவது 4 மிமீ, ஆக 200 பெருக்கல் 16 வகுத்தல் 4, 800. இதே தடிமனில் சுற்றுக்கு 8 மிமீ நகர்த்தும் ஸ்க்ரூவும் உண்டு, அது வந்திருந்தால் 400. எதுவாக இருந்தாலும் எண் முழுசாகத்தான் வரும், 804.83 என்றெல்லாம் வராது. ஸ்பிண்டிலில் பென்சில் கட்டி அதே கோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அளவு வேறு வேறாக வந்தால் கப்ளிங் வழுக்குகிறது. மோட்டாரின் 5 மிமீ ஷாஃப்டையும் 8 மிமீ ஸ்க்ரூவையும் இணைக்கிற அந்தச் சின்ன அலுமினியக் குழாயில் இருக்கும் கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத ஸ்க்ரூ) யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஷாஃப்டில் தட்டையான பக்கம் இருந்தால் ஒரு கிரப் ஸ்க்ரூ அதன்மேல் உட்கார வேண்டும், ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக் ஒரு சொட்டு விட்டால் இன்னும் நல்லது.

வட்டம் வெட்டும்போது நாலு பக்கமும் லேசாகத் தட்டையாகிறதா? அது பிளே. நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் இருக்கிற ஆட்டம். ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு வந்திருக்கும், அந்த ஸ்பிரிங் சரியாக அழுந்தி இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வந்தால் மட்டும் தாராளமாக செட்டிங்ஸுக்குப் போகலாம், டாலர் 3-ஐ மாற்றினால் அச்சின் திசை மாறிவிடும். என் அனுபவத்தில் இந்த மெஷினில் வருகிற பிரச்சினைகளில் முக்கால்வாசி எல்-கீயால் தீர்கிறவை. கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்துகிற நண்பர் ஒருவர் இதைப் பார்த்ததும் சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு ‘இதுல எங்கே கரெக்டா வெட்டும்’ என்றார். பட்டறைக் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

அடுத்த தலைவலி ஸ்பிண்டில். 775 என்பது பிரஷ் வைத்த டிசி மோட்டார், 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட 10,000 சுற்று போகும். பிரஷ் பொறி தட்டுகிறபோது கிளம்புகிற மின் இரைச்சல் யூஎஸ்பி வயரில் ஏறி பாதி வேலையில் தொடர்பை அறுத்துவிடும், இல்லையென்றால் லிமிட் சுவிட்ச் (அச்சு ஓரத்தைத் தொட்டதைச் சொல்லும் சுவிட்ச்) அழுந்தியதாக நினைத்து அலாரம் 1 வரும். ஸ்பிண்டிலை ஆஃப் செய்து காற்றிலேயே அதே ஃபைலை ஓட்டுங்கள். ஒழுங்காக ஓடி முடித்தால் குற்றவாளி இரைச்சல்தான். மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் உருளை போட்ட குட்டையான யூஎஸ்பி கேபிள், ஸ்பிண்டில் வயரை சுவிட்ச் வயரிலிருந்து தள்ளிக் கட்டுவது, இவ்வளவுதான் வைத்தியம். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற கெபாசிட்டர், பெட்டியிலேயே போட்டு அனுப்பியிருக்கலாம்.

போர்டில் ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டுகிற ஏ4988 டிரைவர் சிப் இருந்தால் ஒரு எச்சரிக்கை: கரண்ட் ஓடும்போது மோட்டார் கனெக்டரைப் பிடுங்காதீர்கள், டிரைவர் அங்கேயே செத்துவிடும். கரண்ட் அளவை வைக்க அதன்மேல் சின்ன திருகு இருக்கும். கரண்டை அளக்கிற சென்ஸ் ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியருக்கு அந்தத் திருகில் 0.8 வோல்ட், மல்டிமீட்டரில் பார்த்து வையுங்கள். ஸ்டெப் விடுகிறதே என்று ஏற்றிக்கொண்டே போனால் சூட்டில் டிரைவர் தானாகவே நின்று நின்று ஓடும், ஸ்டெப் இன்னும் அதிகமாக விடும்.

பிசிபி விஷயத்தில் மெஷின் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. கிகேட் என்ற சாஃப்ட்வேரில் வரைந்து ஃபிளாட்கேம் என்ற இன்னொன்றில் ஜி-கோடு எடுத்து வெட்டுகிறேன். சாதாரண போர்டில் செம்பு 35 மைக்ரான்தான், மேசையின் மேடுபள்ளம் அதைவிட அதிகம். அதனால் ஹைட் மேப் (போர்டின் மேடுபள்ள அளவுகள்) எடுக்காமல் வெட்டினால் ஒரு மூலையில் செம்பு அப்படியே இருக்கும், இன்னொரு மூலையில் போர்டே பள்ளமாகும். கேண்டிலில் அந்த வசதி உண்டு. பிட்டில் ஒரு அலிகேட்டர் கிளிப், செம்பில் ஒரு வயர், அது தானே தொட்டுத் தொட்டு அளந்துகொள்ளும். நுனி 0.1 மிமீ, 20 டிகிரி வி-பிட்டை (வி வடிவக் கூர்முனை பிட்) 0.1 மிமீ ஆழம் இறக்கினால் வெட்டின் அகலம் சுமார் 0.135 மிமீ வரும், ஆழம் கூடினால் அகலமும் கூடும். தூசியில் கண்ணாடி இழை இருக்கிறது, மாஸ்க் இல்லாமல் பக்கத்தில் உட்காராதீர்கள்.

எம்டிஎஃப் (மரநார்ப் பலகை), தேக்கு, அக்ரிலிக் எல்லாம் சரி. அலுமினியம் வெட்டும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். வெட்டும், ஒரு முறைக்கு 0.1 மிமீ என்று சுரண்டிச் சுரண்டி. பேக்கலைட் ஃப்ரேம் அதிர்கிற அதிர்வில் விளிம்பெல்லாம் பிசிறு. ஒரு சாவிக்கொத்து வில்லை செய்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம், ஆர்டர் எடுத்துச் செய்ய முடியாது.

வாங்கினால் லிமிட் சுவிட்ச் உள்ள மாடலாக வாங்குங்கள், சில ஆயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை. காரணம் நம்ம ஊர் கரண்ட். பாதி வேலையில் கரண்ட் போனால் மெஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிடும். சுவிட்ச் இருந்தால் டாலர் 22-ஐ 1 ஆக்கி ஹோமிங் செய்து (அச்சுகளைச் சுவிட்சைத் தொடவைத்து) பழைய இடத்தைப் பிடிக்கலாம். ஆனால் வேலை தொடங்கும் புள்ளியான பூஜ்யத்தை ஜி54 என்ற கட்டளை இடத்தில் வைத்திருக்க வேண்டும், அது சிப்பிலேயே பதிந்திருக்கும். ஜி92-இல் வைத்த பூஜ்யம் ரீசெட்டோடு போய்விடும். அப்படியே அச்சுகள் ஓடும் நீளத்தைச் சொல்கிற டாலர் 130, 131, 132-இல் 300, 180, 45 இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஜிஆர்பிஎல்லின் சொந்த இயல்பு மூன்றுக்கும் 200. அது மாறாமல் இருந்தால் சாஃப்ட் லிமிட் (எல்லை தாண்டாமல் ஜிஆர்பிஎல்லே தடுப்பது) போட்டும் இசட் கீழே போய் இடிக்கும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இரவில் ஓட்ட முடியாது, அந்த அளவுக்குச் சத்தம். கூடவே பிட்டைப் பிடிக்கும் நல்ல இஆர்11 காலெட் ஒன்று, 3.175 மிமீ பிட் ஒரு செட், இரண்டு எம்டிஎஃப் துண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கூட வருகிற பிட்கள் முனை உடைந்துபோவதற்கென்றே வருகிறவை.